ஞானமுத்துவின் நீச்சல் குளம்

வரதராஜன்பேட்டையில் வீட்டுக்குள்ளேயே நீச்சல் குளம் கட்டிய ஒரே மனிதர் எங்கள் பக்கத்து வீட்டு ஞானமுத்துதான். சுண்ணாம்புக் காளவாய் வைத்து மேலே வந்தவர். எண்பத்து நாலில் கொல்லையை வெட்டி, கழுத்தளவு ஆழத்தில் குளம் கட்டினார். அவருக்கோ நீந்தத் தெரியாது. ஒரே மகள் சாந்தி மேரி நீந்துவதைப் பார்க்கத்தான் அத்தனை தடபுடலும்.

"சுத்தி ஒரு கம்பி வேலி போடுங்க" என்று மனைவி பாத்திமா மேரி தலைகீழாக நின்று பார்த்தாள்.

"மாட்டுப்பட்டி மாதிரி இருக்கும்டி. என் கண்ணு இருக்கயில வேலி எதுக்கு?" என்று சிரித்துவிட்டார்.

ஐப்பசி மழையில் குளம் பாசி பிடித்தது. எங்கள் பக்கம் கிணறு தூர்வாரினால் சுண்ணாம்பு போடுவோம். அழுக்கு படிந்து தண்ணீர் தெளிந்துவிடும். கிணற்றுக்கு ஒரு கூடை போதும். காளவாய்க்காரருக்குக் கூடையெல்லாம் கண்ணில் படுமா? மூட்டை மூட்டையாகக் கொட்டினார். தண்ணீர் மோராக வெளுத்து, முதல் படிகூடத் தெரியவில்லை. "தெளியிற வரைக்கும் இறங்காதம்மா" என்று மகளிடம் சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தார்.

எழுந்து வந்தபோது குளத்தோரம் மகளின் செருப்பு கிடந்தது. கூப்பிட்டார். வீட்டில் ஒருவரும் இல்லை.

அலறல் கேட்டு நான் ஓடியபோது அவர் குளத்துக்குள் இருந்தார். முங்கினார், எழுந்தார், "மாதாவே!" என்று கதறினார், மறுபடி முங்கினார்.

"கண்ணு போயிடும், வெளிய வாங்கண்ணே! நான் தேடுறேன்!"

"எம்புள்ள உள்ள கெடக்குறாய்யா!"

நானும் குதித்துக் காலால் துழாவினேன். அந்த எரிச்சலில் என்னால் தண்ணீருக்குள் கண்ணைத் திறக்க முடியவில்லை. அவர் மூடவே இல்லை. பாவி மனிதர், ஒவ்வொரு மூலையாகத் தேடினார்.

அப்போது வாசல் கதவு திறந்தது. பாத்திமா மேரியும், பின்னாலேயே வெறுங்காலோடு சாந்தி மேரியும். மாதா கோயில் நவநாள் பூசைக்கு எங்கள் ஊரில் செருப்பில்லாமல் நடந்துதான் போவோம். குளத்தோரக் குழாயில் கால் கழுவியவள், செருப்பை அங்கேயே விட்டுவிட்டு அம்மாவோடு கோயிலுக்குப் போயிருக்கிறாள்.

"அப்பா!"

படியைத் தடவித் தடவி ஏறினார். சிரிப்பும் அழுகையுமாகக் கையை நீட்டினார்.

"எம்மா, எங்க நிக்கிற?"

"முன்னாடிதாம்ப்பா நிக்கிறேன்."

திருச்சியில் எவ்வளவோ வைத்தியம் பார்த்தும் பார்வை திரும்பவில்லை. அந்த வருசக் கடைசியில் பாத்திமா மேரி குளத்தைச் சுற்றிக் கம்பி வேலி போட்டாள், அவர் விழுந்துவிடாமல் இருக்க.