மனு போட்ட வைஃபை பெட்டி

“ஏட்டி, சம்பளமும் கிடையாது, முதலாளியும் கிடையாது. இதுக்குப் பேரு வேலையா?” என்று கேட்டார் குற்றாலத்தில் ஒரு லாட்ஜைப் பார்த்துக்கொள்ளும் என் மாமா.

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். வைஃபை பெட்டிக்குள் ஓடும் மென்பொருளை, கம்பெனி கைவிட்ட பிறகும் இலவசமாக எழுதித் தரும் ஒரு குழுவில் இருக்கிறேன். “எங்கள் பெட்டியையும் சேருங்கள்” என்று வரும் வேண்டுகோள்களைத் திரட்டி, எது முதலில் என்று வரிசைப்படுத்துவது என் பொறுப்பு. அந்தப் பொறுப்பை அப்போதுதான் சோதனை முறையில் கொடுத்திருந்தார்கள்.

சாரல் தொடங்கினால் மாமாவின் லாட்ஜ் பெட்டி மூச்சை விட்டுவிடும். “நம்ம பெட்டிய முதல்ல போடு” என்றார்.

“நெறைய பேரு கேட்டாத்தான் மேல வரும், மாமா.”

அவ்வளவுதான் சொன்னேன். மறுநாள் எங்கள் குழுவின் இணையதளம் நிரம்பி வழிந்தது. மாமா தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதுபவரிடம் ஒரு மனு எழுதி வாங்கி, பக்கத்து லாட்ஜ்காரர்கள் எல்லாரையும் அதையே தளத்தில் போட வைத்திருந்தார். “பெருமதிப்பிற்குரிய ஐயா” என்று தொடங்கி, “ஆவன செய்யுமாறு தாழ்மையுடன்” என்று முடிந்தது. நடுவில் குடும்பக் கஷ்டம் இருந்தது. பெட்டியின் மாடல் எண் இல்லை.

குழுத் தலைவர் எழுதினார்: “இது உங்கள் ஊர்தானே? ஆள் சேர்க்கிறீர்களா?”

பொறுப்பு கையைவிட்டுப் போகப்போகிறது என்று தெரிந்தது. மாமாவை ஃபோனில் கூப்பிட்டேன். “என்ன மாமா பண்ணி வச்சிருக்கிய?”

“கலெக்டருக்கே இப்படித்தாம்ட்டி குடுக்கோம்!”

அருவியில் பெண்கள் வரிசையில் நின்று வளர்ந்தவள் நான். இடையில் நுழைபவர்களை விடமாட்டேன். எல்லா மனுக்களையும் தள்ளுபடி செய்தேன். மாடல் எண் இல்லை, சிப் பெயர் இல்லை, சோதித்துப் பார்க்கப் பெட்டி தருவார் யாருமில்லை என்று காரணமும் எழுதினேன்.

அடுத்த நாள் காலையில் மாமா தென்காசியில் எங்கள் வீட்டு வாசலில் நின்றார். கையில் பெட்டி, அதன் ஆணியில் லாட்ஜ் சுவரின் காரை ஒட்டியிருந்தது.

“இந்தா பெட்டி. சோதிக்க ஆளு நான். இன்னும் என்னட்டி குறை?”

“லாட்ஜுல வைஃபை?”

“அருவிக்கு வந்தவனுக்கு வைஃபை எதுக்கு? போய்க் குளிக்கச் சொல்லிட்டேன்.”

பெட்டியைத் திறந்தேன். உள்ளே இருந்தது எங்கள் மென்பொருளுக்கு ஏற்கெனவே தெரிந்த சிப். படம் எடுத்து, விவரங்களோடு முறையாக ஒரே ஒரு வேண்டுகோள் போட்டேன். வேலை குறைவு, பயன்படுத்துவோர் அதிகம், சோதிக்கப் பெட்டி தயார். யார் கேட்டிருந்தாலும் அது மேலேதான் வந்திருக்கும்.

“வரிசைப்படுத்தும் வேலை உங்களிடமே இருக்கட்டும்” என்று தலைவர் பதில் எழுதினார். “ஆனால் இந்தப் பெட்டிக்கான மென்பொருளை எழுதப்போவது யார்?”

வேண்டுகோளில் ‘எழுதுபவர்’ என்ற கட்டம் காலியாக இருந்தது. அதில் என் பெயரைப் போட்டுவிட்டு, புது மென்பொருளை ஏற்றுவதற்காகப் பெட்டியின் உள்ளே முதல் கம்பியை ஈயத்தால் பற்றவைத்தேன்.