யோசெப் அண்ணையின் படகுப் போட்டி

பாரிசவாதம் வந்து யோசெப் அண்ணையின் வலது கையும் காலும் சோர்ந்துபோன பிறகு, அவருடைய போட் முல்லைத்தீவுக் கரையில் ஏற்றியபடியே கிடந்தது. அதை விற்றுவிட வேண்டும் என்பது அவர் மனைவி றோஸ்மேரி அக்காவின் ஒரே பிடி. அன்ரன் என்றொருவர் ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்து விலைக்கு எடுப்பதாகவும் சொல்லியிருந்தார்.

அண்ணை ஓமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. போட்டின் பின்னால் உள்ள இஞ்சினின் கைபிடியைத் திருப்ப இடது கை போதும். கயிறு இழுத்து இஞ்சினை எழுப்பிவிட யாரும் வருவார்கள். அவருடைய பயம் வேறு. வாதம் வந்த புதிதில், கதிரை என்று சொல்லப்போனால் வாயில் அலுமாரி என்று வந்தது. சொல் பிறகு திரும்பி வந்துவிட்டது. திசை அறியும் புத்தியும் திரும்பி வந்ததா என்று யாரிடம் கேட்பது?

அதற்காகத்தான் என்னைக் கூப்பிட்டார். நான் பக்கத்து ஒழுங்கையில் போனும் கொம்பியூட்டரும் திருத்துபவன்.

"தம்பி, எங்கட பழைய கொம்பியூட்டரில ஒரு படகுப் போட்டி இருந்தது. மிதவையளைச் சுத்தி ஓட்டுறது. ஒழுங்கையில ஒருத்தரும் என்னை வெண்டதில்லை. அதை ஓட்டிப் பாத்தா எனக்குத் தெரிஞ்சிடும். முந்தின மாதிரி ஓட்டினனெண்டா போட் எங்களிட்டயே நிக்கும். இல்லாட்டி அன்ரன் கொண்டு போகட்டும்."

"விளையாட்டை வச்சே முடிவெடுக்கப் போறியள்?" என்றார் அக்கா, குசினிக்குள் மீன் வெட்டிக்கொண்டு.

"பின்னை, கடலுக்க போயே சோதிக்கிறது?"

பழைய கொம்பியூட்டரை உப்புக்காற்று தின்றுவிட்டிருந்தது. அதிலிருந்து ஒன்றும் எடுக்க முடியவில்லை. விளையாட்டின் சீடி மட்டும் மாதா படத்துக்குப் பின்னால் இருந்தது. வவுனியாவில் படிப்பிக்கும் அவர்களுடைய மகள் நிதர்சனா விட்டுப்போன புது லப்டொப்பில் அதைப் போட்டேன். புது விண்டோஸ் அதைக் கிட்டவும் எடுக்கவில்லை. பிறகு, பழைய கொம்பியூட்டரைப் போல நடிக்கிற மென்பொருள் ஒன்றை இறக்கி அதற்குள் ஓட்டிப் பார்த்தேன். படகு கிளம்பிய வேகத்தில் கரையில் போய் மோதி நின்றது.

"என்ன தம்பி, நேவி துரத்துறானே?" என்றார் அண்ணை.

புது இயந்திரத்தின் வேகம் அந்த விளையாட்டுக்குப் பழக்கமில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்தேன். இஞ்சின் சத்தம் பழைய தாளத்துக்கு வந்ததும் அண்ணை நிமிர்ந்து இருந்தார்.

"இதுதான். இந்தச் சத்தந்தான்."

இடது கையை விசைகளில் வைத்தார். முதல் மிதவையை இடப்பக்கமாகச் சுற்ற வேண்டும். படகு வலப்பக்கம் திரும்பி இறங்குதுறையில் மோதியது. மறுபடி தொடங்கினார். மறுபடியும் மோதினார். அடுத்த தடவை மிக மெதுவாக, ஒரு குழந்தையை நடத்துவதுபோல ஓட்டினார். அப்போதும் படகு எதிர்ப்பக்கமே போனது.

"அப்பவே சொன்னனான்," என்றார் அக்கா. குரலில் ஒரு நிம்மதி இருந்தது. மீன் வெட்டும் சத்தம் விரைவாகக் கேட்டது.

அண்ணை விசைகளிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்து, வேறு யாருடையதோ போல அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. வெளியே காயப்போட்ட வலையைப் பார்த்தேன்.

"றோஸ்," என்றார் பிறகு. "அன்ரனை வரச் சொல்லு. எனக்கு இடம் வலம் தெரியேல்லை."

மீன் வெட்டும் சத்தம் நின்றது. அக்கா கேட்டது கிடைத்துவிட்டது. இனிப் பேசாமல் இருந்தாலே போதும். ஆனால் அவர் குசினி வாசலுக்கு வந்து, கை முழுக்கச் செதிலோடு அண்ணையைப் பார்த்தபடி நின்றார்.

"உங்கட தலைக்கு ஒண்டுமில்லையப்பா."

"எனக்காகச் சொல்லாதை."

"முதல்முதல் இதை விளையாடேக்கயும் இப்பிடித்தான் கொண்டுபோய் மோதினீங்கள். இஞ்சின் பிடிச்ச கையல்லே? கைபிடியை வலப்பக்கம் தள்ளினாத்தானே போட் இடப்பக்கம் போகும். நீங்கள் விசையையும் அப்பிடித்தான் அமத்தினீங்கள். பிள்ளைதான் பாவம் பாத்து, நீங்கள் நித்திரையா இருக்கேக்க பழைய கொம்பியூட்டரில ரெண்டு விசையையும் மாத்தி விட்டவள். அப்பாட்டச் சொல்லிப்போடாதேங்கோ அம்மா எண்டவள்."

அண்ணை அக்காவின் பக்கம் திரும்பினார்.

"அப்ப நான் வெண்டது முழுக்க..."

"நீங்கள்தான் வெண்டது. விசைதான் மாத்தினது."

அக்கா சொல்லி முடிக்குமுன் நான் விளையாட்டின் அமைப்புகளுக்குள் போய்விட்டேன். இடத்தை வலமாக்கி, வலத்தை இடமாக்கி, லப்டொப்பை அண்ணையின் பக்கம் தள்ளினேன்.

படகு முதல் மிதவையை உரசாமல் சுற்றியது. இரண்டாவதையும் சுற்றியது. மூன்றாவதில் லேசாக இடித்தது. அண்ணை தூஷணம் ஒன்றைச் சொல்லப்போய், என்னைப் பார்த்து விழுங்கிக்கொண்டார். முழுச் சுற்றும் முடிந்தபோது அவர் சிரிக்கவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டார். அக்காவும் தன் தோளில் முகத்தைத் தேய்த்தார். கையில் செதில்.

"கடலுக்கில்லை," என்றார் அக்கா. "அலையில்லாத களப்புக்கு மட்டும். தனியவும் விடமாட்டன்."

"ஆர் வாறது என்னோட?"

"நான்தான்."

"நீ ஏறினா போட் ஒரு பக்கம் சரியுமடி."

"சரிஞ்சா மற்றப் பக்கம் நீங்கள் இருங்கோ."

கையைக் கழுவிவிட்டு வந்து அக்கா போனை எடுத்தார்.

"அன்ரனோ? ஞாயிற்றுக்கிழமை வரவேண்டாமப்பு... சீ, விலையில ஒண்டுமில்லை... ஓமோம், சுகமாத்தான் இருக்கிறார். போட் எங்களுக்குத் தேவைப்படுது."