குடைமிளகாய்க் கொட்டகையில் இங்கிலீஷ்

டச்சு நாட்டின் வெஸ்ட்லாண்டில், கண்ணாடிக் கூரை போட்ட தோட்டம் ஒன்றில், குடைமிளகாயைப் பெட்டியில் அடுக்கும் கொட்டகைக்குப் பத்தொன்பது வருடமாக மேற்பார்வை ஹெர்மின்தான். வயது ஐம்பத்தேழு. போலந்திலிருந்தும் ருமேனியாவிலிருந்தும் வந்த பத்துப் பேர் அவளிடம் வேலை செய்தார்கள். பத்துப் பேருக்கும் டச்சு பழக்கிவிட்டவளும் அவளே. காலைக் காப்பிக்கு ஆளுக்கு ஒரு பிஸ்கட் உண்டு. டச்சில் கேட்டால்தான் டப்பா திறக்கும்.

அப்படிப்பட்டவளைத்தான் புது மேலாளர் ரூலண்ட் இங்கிலீஷ் இலக்கண வகுப்புக்குப் போகச் சொன்னான். முப்பது வயது, அவனும் டச்சுக்காரன்தான்.

"வெளிநாட்டு ஆளுங்ககிட்ட மரியாதையா பேச வேணாமா, ஹெர்மின்? மே மாசப் பரீட்சைல பாஸ் பண்ணிடுங்க. இல்லன்னா மேற்பார்வைக்கு வேற ஆளைப் போடவேண்டி வரும்."

"அவங்களுக்கு டச்சு தெரியும். ஒருத்தரையாவது கேட்டுப் பாத்தியா?"

கேட்கவில்லை. இந்த நாட்டில் யார்தான் கேட்கிறார்கள்? எதிராளியின் பேச்சில் வேற்றூர் வாடை கொஞ்சம் அடித்தால் போதும், கூடியிருக்கும் எட்டு டச்சுக்காரர்களும் இங்கிலீஷுக்குத் தாவிவிடுவார்கள். அதற்குப் பெயர் உபசாரமாம். அந்த உபசாரத்தை நினைத்தாலே ஹெர்மினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

செவ்வாய்தோறும் நூலக மாடியில் வகுப்பு. டச்சுக்காரர்களுக்கென்றே போட்ட புத்தகம். முதல் பாடத்திலேயே தகராறு. டச்சில் கேள்வி கேட்க வினைச்சொல்லைத் தூக்கி முன்னால் வைத்தால் முடிந்தது. இங்கிலீஷிலோ, முதலில் ஒரு 'டூ' (do) வந்து நிற்க வேண்டும்.

"இந்த 'டூ' என்ன வேலை பாக்குது?"

"தனியா ஒண்ணும் பாக்காது. ஆனா அது இல்லாம நடக்காது," என்றாள் வகுப்பெடுத்த பெண்.

"அப்ப எங்க ரூலண்ட் மாதிரின்னு சொல்லுங்க."

வகுப்பே சிரித்தது. ஹெர்மின் சிரிக்கவில்லை. வேலை போய்விடுமோ என்ற பயம் அவளுக்கு இருந்தது. அதை வெளியே காட்டப் பிடிக்காமல்தான் இத்தனை எரிச்சலும். 'நான்' என்றால் வினைச்சொல் மொட்டையாக வரும், 'அவன்' என்றால் 'எஸ்' என்று ஒரு வால் முளைக்கும். இதை ஒரு தாளில் எழுதிக் குளியலறைக் கண்ணாடியில் ஒட்டினாள். குடைமிளகாயைத் தரம் பிரிக்கும்போதும் உதடு முணுமுணுத்தது. அப்படியும் மே மாதம் பத்துக்கு ஐந்துதான் வந்தது. தேற ஐந்தரை வேண்டும்.

அரை மதிப்பெண்ணில் பத்தொன்பது வருடம் போயிற்று. மேற்பார்வை இலிங்காவுக்குக் கிடைத்தது. ருமேனியாக்காரி, இரண்டு பிள்ளைகளின் தாய், ஆறு வருடம் ஹெர்மினிடம் டச்சு பழகியவள். இங்கிலீஷும் தெரிந்தவள்.

திங்கட்கிழமை காலை ரூலண்ட் எல்லோரையும் நிற்கவைத்து இங்கிலீஷில் அறிவித்தான். வாசிக்கச் சொல்லி இலிங்காவிடம் ஒரு தாளைக் கொடுத்தான். அவள் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு டச்சில் பேசினாள்.

"ரூலண்ட், நீங்க வந்து பதினாலு மாசமாச்சு. எங்ககிட்ட ஒரு வார்த்தை உங்க பாஷைல பேசினதில்ல. இங்க டச்சு புரியாதவங்க யாரு? கை தூக்குங்க."

ஒரு கையும் எழவில்லை.

"அடேயப்பா, எவ்வளவு அழகா டச்சு பேசற!" என்று பாராட்டினான் ரூலண்ட். அதையும் இங்கிலீஷில்தான் சொன்னான். சொல்லிவிட்டு அலுவலகத்துக்குப் போய்விட்டான்.

இலிங்கா ஹெர்மினிடம் வந்தாள். "எனக்கு இந்த வேலை தேவைப்படுது. வேணாம்னு சொல்ல முடியல. எம்மேல கோபமா?"

"ஆமா. அவன்மேல ஆயுசுக்கும். உம்மேல இன்னிக்கு மட்டும். இன்னிக்கு எங்கிட்ட வேலையைத் தவிர வேற எதுவும் பேசாதே."

ஹெர்மின் கையுறையை மாட்டிக்கொண்டு மற்றவர்களோடு வரிசையில் போய் நின்றாள். எந்தப் பெட்டியை முதலில் எடுப்பது என்று இத்தனை வருடத்தில் அவள் யாரையும் கேட்டதில்லை. இப்போது திரும்பிப் பார்த்துக் கேட்டாள். இலிங்கா டச்சில் சொன்னாள்.