சபேசனின் நல்ல காது

நன்றாகக் காது கேட்கும் ஒருவனை, உனக்குக் காது போய்விட்டது என்று நான் நம்பவைத்தேன். தெரியாமல் அல்ல, வேண்டுமென்றே செய்தேன். இன்றும் அவன் அதை நம்பிக்கொண்டிருக்கிறான்.

சொல்லிவிட்டால் பாரம் குறையும் என்று எழுதவில்லை. குறையாது. நீங்கள் என்னைப் பற்றி எவ்வளவு கேவலமாக நினைத்தாலும், அந்த இடத்துக்கு நான் முன்னமே போய் உட்கார்ந்திருக்கிறேன்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். யாழ்ப்பாணத்துத் தீவொன்றில், புளியங்கூடலில் பிறந்தேன். கொழும்பில் ஒரு ரேடியோ திருத்தும் கடையில் ஈயம் உருக்கினேன். கட்டாரில் லொறி ஓட்டினேன். வன்னியில் கல் உடைத்தேன். சில நாட்கள் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்தேன். அதெல்லாம் பலருக்கும் நடப்பதுதான், அதற்காக நீங்கள் இரங்க வேண்டாம். போன இடமெல்லாம் ஒரேயொரு பொருளை மட்டும் தொலைக்காமல் வைத்திருந்தேன். கொழும்புக் கடையில் என்னோடு வேலை செய்த, ஒல்லாந்தர் வழிவந்த பறங்கியர் ஒருவர் தந்த பென் டிரைவ். அது நிறைய வெள்ளைக்காரரின் ரொக், மெற்றல் பாட்டுகள். இருபது நிமிடம் ஓடும் பாட்டுகள், நடுவிலே மூன்று தரம் குணம் மாறும் பாட்டுகள். எனக்கென்று இந்த உலகத்தில் இருந்த சொத்து அதுதான்.

ஊருக்குத் திரும்பியபின் அதைச் சபேசனுக்குக் கொடுத்தேன். அவன் பக்கத்து ஊர் நாரந்தனைக்காரன், என்னோடு படித்தவன், கூட்டுறவுக் கடையில் வேலை. தாய் தகப்பன் இல்லை, ஒரே அக்கா கனடாவில். திருவிழா என்றால் சாமியைப் பார்க்கமாட்டான். தவில்காரருக்குப் பக்கத்தில் போய் நின்று தொடையில் விரலால் தாளம் எண்ணிக்கொண்டிருப்பான்.

நான் கொடுத்த முதல் பாட்டைக் கேட்டான். விரல்கள் தொடையில் ஓடின. பாட்டு முடியுமுன்னே என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"மச்சான், இது ஏழு. ஏழு, ஏழு, பிறகு ஒரு எட்டு. அந்த எட்டிலதான் கிற்றார் குதிக்குது. கவனிச்சனியே?"

பத்து வருடமாக நான் சுமந்து திரிந்த பாட்டு! எனக்கு அது தெரியவில்லை. "ஓம், தெரியும்" என்றேன். என் முதற்பொய் அதுதான்... அதை எவரும் கணக்கெடுக்கப் போவதில்லை.

அக்கா காசு அனுப்பினாள். புத்தக அலுமாரித் தட்டில் வைக்கக்கூடிய சின்ன ஸ்பீக்கர் சோடி ஒன்று வாங்கவேண்டும் என்றான். "நீதான் தெரிஞ்செடுக்கவேணும், உனக்குத்தான் இந்தச் சாமான் எல்லாம் விளங்கும்" என்றான். யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஏறினோம். எனக்கு நெஞ்சு நிமிர்ந்திருந்தது. என்னிடம் எவராவது எதையாவது தெரிந்தெடுக்கச் சொல்லிக் கேட்டது அதுவே முதல்தடவை.

கடையில் இரண்டு சோடி. ஒன்று நெஞ்சில் வந்து இடிக்கும். மற்றது அடக்கமானது. மெற்றலுக்கு இடிதானே வேண்டும்? நான் முதலாவதைக் காட்டினேன். சபேசன் தலையை ஒருபக்கம் சரித்துக் கேட்டான்.

"இதில இடி இருக்கு மச்சான், அடி இல்லை. அவன் ரெண்டு காலாலயும் ட்றம் அடிக்கிறான். இதில ரெண்டும் சேர்ந்து களியாக் கிடக்கு. மற்றதில வலக்கால் வேற, இடக்கால் வேற."

கடைக்காரர் மாற்றி மாற்றிப் போட்டார். அவன் சொன்னது சரி. எனக்கே கேட்டது! கடைக்காரர் அவன் முதுகில் தட்டிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"தம்பி, பாட்டை இவர் கேக்கட்டும். நீர் வயரைக் கொழுவும்."

சபேசனும் சிரித்தான். வஞ்சகமில்லாத சிரிப்புத்தான். ஆனால் சிரித்தான்.

சரி, சபேசன் வீட்டுக்கு வந்து வயரைக் கொழுவினேன்.

ஸ்பீக்கர் ஒவ்வொன்றின் பின்னாலும் சிவப்பு, கறுப்பு என்று இரண்டு முனைகள் இருக்கும். இரண்டு ஸ்பீக்கருக்கும் ஒரே மாதிரிக் கொடுக்கவேண்டும். ஒன்றில் மட்டும் மாற்றிக் கொடுத்தால், ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கும். அடிச்சத்தத்தை இரண்டும் சேர்ந்து தின்றுவிடும். பாடுகிறவனின் குரல் நடுவில் நில்லாமல் சுவரெல்லாம் அலையும். எதுவும் பழுதாகாது, எவருக்கும் தெரியாது. மாற்றிக் கொடுத்தேன். கை தவறியது என்று சொல்ல ஆசைதான்... தவறவில்லை! முனைகள் தெரியாதபடி மேலே கறுப்பு ஒட்டு ரேப்பும் சுற்றினேன்.

சபேசன் கதிரையை நடுவில் போட்டு உட்கார்ந்தான். பாட்டு தொடங்கியது. விரல் தொடையில் ஓடி, நின்றது.

"கடையில கேட்ட மாதிரி இல்லையே... சத்தம் வெறுமையாக் கிடக்கு. வயர் ஏதும் பிழையோ?"

"வயர் நான் பாத்தனான். எனக்கு வடிவாக் கேக்குது. உனக்குக் கேக்கேல்லையோ?"

அவ்வளவுதான். அந்தக் கேள்வியை நான் மெதுவாக, அன்பாகக் கேட்டேன். அவன் கை இடது காதுக்குப் போனது. சிறுவயதில், ஊரே இடம்பெயர்ந்து ஓடியபோது, வேலிக்கு அப்பால் செல் குண்டு விழுந்து ஒரு மாதம் அந்தக் காதில் இரைச்சல் இருந்ததாம். எனக்கு மட்டும் சொன்ன கதை. அதை நான் மறந்திருக்கவில்லை.

எழுந்துபோய் ஒரு ஸ்பீக்கருக்குக் கிட்டக் காதை வைத்தான். "கிட்ட வந்தா நல்லாக் கேக்குது மச்சான்!" என்றான் ஆசையோடு.

கிட்டக் கேட்கத்தான் செய்யும், ஒன்றை மட்டும் கேட்கிறான் அல்லவா! நான் சொன்னேன்: "கிட்டப் போனாத்தான் கேக்குதெண்டா... அது ஸ்பீக்கரின்ர குறை இல்லையடா."

அவன் முகத்தை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். நான் பார்த்தேன். எனக்கு இனித்தது.

ஒரு கிழமையில் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஒரு விளையாட்டு, அவ்வளவுதான் என்று. ஆனால் அவன் ஒவ்வொரு ஞாயிறும் என்னைக் கூப்பிட்டு, "இந்த இடத்தில உனக்கு என்ன கேக்குது? சொல்லு" என்று கேட்கத் தொடங்கினான். சபேசன் என்னிடம் கேட்டான்! நான் இல்லாத சத்தங்களை எல்லாம் கேட்டதாகச் சொன்னேன். அவன் கண்ணை மூடி அவற்றைத் தேடினான். ஆட்கள் கதைப்பது வடிவாகக் கேட்கிறதே என்றபோது, "முதலில அடிச்சத்தம்தான் போகும், பிறகுதான் பேச்சு" என்றேன். ஆஸ்பத்திரிக்குப் போவோமா என்றபோது, "காதில மெசின் கொழுவி விடுவாங்கள், ஊர் முழுக்கப் பாக்கும்" என்று தடுத்தேன்.

அந்த நாட்களில்தான் அக்கா ஒரு சம்பந்தம் பொருத்தினாள். புங்குடுதீவு மடத்துவெளியில் ஒரு பள்ளிக்கூட ரீச்சர். சாதகம் பொருந்தியது. இருவரும் போனில் கதைத்தார்கள். அவன் முகம் தெளிந்திருந்தது. ஒருநாள் என்னிடம் வந்து நின்றான்.

"காது விசயத்தைப் பொம்பிளை வீட்டுக்குச் சொல்லத்தானே வேணும்?"

எங்கள் தீவுகளில் கலியாணப் பேச்சில் குறையை மறைத்தால் பிறகு இரண்டு வீட்டாரும் முகம் பார்க்கமாட்டார்கள். அதை அவன் அறிவான். வயரை மாற்ற ஒரு நிமிடம் போதும்! அந்த ஒரு நிமிடம் என் கையில் இருந்தது.

"சொல்லத்தான் வேணும். உனக்கு ஏலாதெண்டா நான் போய்ச் சொல்லுறன்" என்றேன்.

போனேன். சைக்கிளில் போனேன். எதிர்க்காற்றில் அவ்வளவு தூரம் உழக்கியும் மனம் திரும்பவில்லை என்பதை நீங்கள் கவனிக்கவேண்டும்.

பெண்ணின் தகப்பன் தேத்தண்ணீர் தந்தார். "முழுக்கச் செவிடோ?" என்று கேட்டார்.

"இப்ப இல்லை, ஐயா. போகப்போக..." என்று இழுத்தேன்.

கதவுக்குப் பின்னால் நின்ற ரீச்சர் வெளியே வந்தாள். "நான் மெல்லக் கதைச்சாலும் அவருக்கு விளங்குதே அப்பா" என்றாள்.

உலகத்தில் அவள் ஒருத்திதான் உண்மையைக் கண்டுபிடித்தாள். நான் அவளைப் பார்த்து, "போன் காதுக்குள்ளதானே கிடக்கு, பிள்ளை" என்றேன். தகப்பன் அவளைப் பார்த்து, "நீ உள்ள போ" என்றார். தேத்தண்ணீரை முழுவதும் குடித்துவிட்டுத்தான் எழும்பினேன்.

சம்பந்தம் முறிந்தது. சபேசன் அழவில்லை. ஸ்பீக்கர்களைப் பெட்டியில் போட்டு என்னிடம் தந்தான். "எனக்கு இனி என்னத்துக்கு... நீயாவது கேள்" என்றான். வாங்கிக்கொண்டேன். வீட்டில் வயரைச் சரியாகக் கொடுத்தேன். வலக்கால் வேறு, இடக்கால் வேறு... அவன் சொன்னபடியே எல்லாம் கேட்டது! இப்போதும் கேட்கிறேன். ஏழும் ஏழும் எட்டும் எங்கே என்று தொடையில் விரல் வைத்து எண்ணுகிறேன். ஐந்துக்குமேல் எனக்குத் தவறிவிடுகிறது.

போன மாதம் கூட்டுறவுக் கடைக்குப் போனேன். ஒரு மனுசி, "சபேசன், சீனி ரெண்டு கிலோ! சீனி!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தாள். இப்போது ஊரே அவனோடு அப்படித்தான் கதைக்கிறது. அவன் கையைக் காதுக்குப் பின்னால் குவித்துக்கொண்டு, அவளுடைய வாயைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவள் போனபின் அவன் எனக்கு முதுகைக் காட்டியபடி தராசைத் துடைத்தான்.

எனக்கு என்ன வந்ததோ தெரியாது. மூச்சைப் போல மெல்ல, "மச்சான், சுகமே?" என்றேன்.

"ஓம், இருக்கிறன்" என்றான், திரும்பாமலே.

பிறகுதான் திரும்பினான். என்னைக் கண்டான். தான் யார் என்பது நினைவு வந்ததுபோல அவன் கை மெல்ல உயர்ந்து காதுக்குப் பின்னால் குவிந்தது.

"என்ன மச்சான் சொன்னனீ?"

இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு தராசு மட்டுந்தான் இருந்தது. வேறு எவரும் இல்லை. சொல்லியிருக்கலாம்... அப்போதும் சொல்லியிருக்கலாம்!

நான் குனிந்து, அவன் காதுக்குக் கிட்ட வாயை வைத்துக் கத்தினேன்:

"சுகமோ எண்டு கேட்டனான்!"