வேலிக்கு மேற்கே இரண்டு மைல்

சமையலறையில் கண்ணாடி உடையும் சத்தம். ஒன்றல்ல, வரிசையாக. படுக்கையறை ஜன்னலில் புழுதிக்கு ஈரத்துணி கட்டிக்கொண்டிருந்த லவீனா டீக் ஓடிப்போனாள்.

செத்துப்போன கணவனின் அண்ணன் ஓர்லன், அவளுடைய பீச் பழ ஜாடிகளை அடுப்புக் கம்பியால் நொறுக்கிக்கொண்டிருந்தான்.

"மனு எங்கடி?"

"பூட்ஸை உதறிட்டு வரக்கூடாதா? ஏற்கெனவே உங்க மண்ணைத்தான் மூணு வேளையும் திங்கிறேன்."

அதுதான் லவீனா! பத்தொன்பது வயதில் கல்யாணமாகி எங்கள் ஓக்லஹோமாச் சமவெளிக்கு வந்தவள். புழுதிப் புயல் வருஷங்களில் அவள் கணவன் வெர்லின் நுரையீரல் அடைத்து, இருமி இருமியே செத்தான். அவள் நிலம் கறுப்பு. அதன்மேல் முழங்கால் உயரம் கிடந்ததோ சிவப்பு மணல். அந்தச் சிவப்பு, வேலிக்கு மேற்கே ஓர்லன் நிலத்தில் மட்டும்தான் உண்டு. கோதுமை ஆசையில் காற்றடிக்கும்போதும் உழுகிறவன் அவன்.

மண் பறக்காமல் காக்க உழவுக்கு விதி போடும் 'மண் காப்பு மாவட்டம்' வேண்டுமென்றால் இருபத்தைந்து நிலக்காரர்கள் மனுவில் கையெழுத்திட வேண்டும். மாநிலக் குழு எங்களைக் கூட்டி விசாரித்து எல்லை போடும், பிறகு ஓட்டெடுப்பு. மாவட்டம் அமைந்துவிட்டால், எல்லைக்குள் இருப்பவன் இஷ்டத்துக்கு உழ முடியாது.

"எல்லைய உன் வேலியோட நிறுத்திடு, லவீனா. ஓர்லன் வம்புக்கு வரமாட்டான்" என்று நாங்கள் எல்லோரும் சொன்னோம். கேட்டாளா? எல்லைக் கோட்டை மேற்கே இரண்டு மைல் தள்ளி, ஓர்லனின் கடைசி வயலையும் சேர்த்து எழுதவைத்தாள். இருபத்தைந்தாவது கையெழுத்து அவளுடையது. இருபத்தாறாவது ஆள் எங்கள் பக்கத்தில் கிடையாது.

ஓர்லன் மாவு டப்பாவைக் கவிழ்த்தான். மனு வந்து விழுந்தது. எடுத்து எரியும் அடுப்பில் எறிந்தான்.

லவீனா யோசிக்கவேயில்லை. நெருப்புக்குள் கையை விட்டாள். தோல் பொசுங்கும் நாற்றம்! கம்பி அவள் தோளில் இறங்கியது, மீண்டும் இறங்கியது. அவள் காகிதத்தை மார்போடு அணைத்துத் தீயை அமுக்கினாள். அடி ஓரம் மட்டும் கருகியிருந்தது. போனது ஒரே ஒரு பெயர், அவளுடையது.

"இருபத்திநாலு!" ஓர்லன் சிரித்தான். "போச்சா?"

கொப்புளம் கிளம்பிய விரல்களில் பென்சிலைப் பிடித்து, கருகலுக்கு மேலே மிச்சமிருந்த வெள்ளையில் அவள் மறுபடி தன் பெயரை எழுதினாள். 'லவீனா'வில் ரத்தநீர் சொட்டியது.

அவன் பாய்ந்தான். அடுப்பின் மேலிருந்த இரும்புச் சட்டியை அவள் இடது கையால் வீசினாள். அவன் மணிக்கட்டில் எலும்பு முறிந்தது. கம்பி தரையில் விழுந்தது.

"வெர்லினைக் கொன்னது உன் மண்ணுடா! அடுத்த அடி மூஞ்சில."

"விசாரணைக்கு நானும் வருவேன்டி. என் நிலம் உள்ளே வராது."

"வா. கையில கட்டோட வா. யாரு உடைச்சதுன்னு கேப்பாங்க, நானே சொல்றேன்."

அவன் கையை வயிற்றோடு அணைத்தபடி வெளியேறினான். கதவு சாத்த வரவில்லை; நிலைப்படியில் சிவப்பு மணல் குவிந்திருந்தது. லவீனா அதைக் காலாலேயே அவன் பின்னால் தள்ளி, தோளால் மோதிக் கதவைச் சாத்தினாள்.