மூன்று என்றால் இரண்டு

என் தம்பி எங்கள் அண்ணனை, காக்காவை, இடது காதோடு சேர்த்து அறைந்தபோது, காக்காவின் கையில் உம்மாவுக்காகக் கொண்டுவந்த ஈரல் பை இருந்தது. பை வெடித்து ஈரல் மணலில் சிதறியது. காக்கா அதற்கு மேலேயே விழுந்தார். கல்முனைக்குடியில் எங்கள் வீட்டு வாசல், ஜும்ஆ தொழுகை முடிந்து சனம் போய்க்கொண்டிருக்கிற நேரம். மாட்டையே சாய்க்கிற மனிதர், திருப்பி ஒரு விரலைக்கூடத் தூக்கவில்லை. எனக்கு இன்னும் ஆத்திரம் அதுதான். எங்கள் இரண்டு பேருக்கும் ஆளுக்கொன்று போட்டிருக்க வேண்டும்.

காக்கா என்கிறேனே, அவர் என் சாச்சியின், உம்மாவின் தங்கையின் மகன். சண்டைக் காலத்தில் வயலுக்குச் சோறு கொண்டுபோன சாச்சியை வழியில் வைத்துச் சுட்டுப் போட்டார்கள். சோற்றுக்கூடை ஒரு பக்கம், சாச்சி ஒரு பக்கம். அப்போது காக்காவுக்கு ஐந்து மாதம், எனக்கு நாற்பது நாள்கூட ஆகவில்லை. உம்மா ஒரு மாரில் என்னையும் மறு மாரில் அவரையும் போட்டு வளர்த்தார். எங்கள் மார்க்கத்தில் ஒரு தாயிடம் பால் குடித்து வளர்ந்தவர்கள் கூடப்பிறந்தவர்கள்தான். கல்யாணம் முடிக்க முடியாது, ஒளிந்து மறையத் தேவையில்லை. அவர் முன்னால் நான் ஒரு நாளும் முக்காடு போட்டதில்லை.

வளர்ந்து காக்கா இறைச்சிக்கடை போட்டார். ஈஸ்டர் அன்று தேவாலயங்களில் குண்டுகள் வெடித்த அந்த வருடம் இராணுவத்தினர் எங்கள் ஊரில் வீடு வீடாகச் சோதனை போட்டார்கள். மற்ற வீடுகளில் ஒரு கத்தி, இரண்டு கத்தி. காக்காவின் வீட்டில் ஏழு. "மாடு அறுக்கிற கத்தி சேர்" என்று சொன்னதற்குத்தான் முதல் அடி விழுந்தது. பனைமரத்துக்குக் கீழே இருந்து பால் குடித்தாலும் கள்ளு என்கிற காலம், யார் கேட்பது? ஐந்து மாதம் வைத்திருந்துவிட்டு, வழக்கு ஒன்றும் இல்லை, போ என்றார்கள். கத்திகளைத் திருப்பித் தந்தார்கள். இடது காதைத் தரவில்லை.

தம்பி தமிழ், சிங்களம், இங்கிலீஷ் மூன்று பாஷையும் படித்தவன். இராணுவ அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளர் வேலைக்குத் தெரிவாகியிருந்தான். வயதெல்லை முடிகிறது, இதை விட்டால் அவனுக்கு அரசாங்க வேலையே இல்லை. மிச்சமிருந்தது பாதுகாப்பு விசாரணை மட்டும். அதற்கு ஒரு படிவம். குடும்பத்தில் பிள்ளைகள் மொத்தம் எத்தனை பேர், அவர்களில் யாராவது கைதானதுண்டா என்று கேட்டிருந்தது. பேனையைப் பிடித்துக்கொண்டு அவன் என்னைப் பார்த்தான்.

"ரெண்டு எண்டு போடுடா. படிவத்துல பாலுக்கு இடமில்ல" என்றேன். சொன்னது நான்தான்.

உம்மா அடுப்படியிலிருந்து சத்தம் போட்டார். "நான் பெத்தது ரெண்டு, பால் குடுத்தது மூணுக்கு. என்னக் கேட்டா மூணு எண்டுதான் சொல்லுவன்!"

விசாரணைக்காரர் வந்து போகும்வரை இந்தப் பக்கம் வர வேண்டாமென்று காக்காவிடம் சொல்லும் பொறுப்பும் என்னுடையதுதான். எனக்கு வாய் வரவில்லை, சொல்லாமல் விட்டேன். அவர் வழமைபோல வெள்ளிக்கிழமை ஈரலோடு வந்தார். "என்ட வாழ்க்கையில மண்ணள்ளிப் போடவா வாறீங்க?" என்று தம்பி பாய்ந்து அடித்தது அப்போதுதான். செத்த காதிலிருந்து இரத்தம் வந்தது. காக்கா எழும்பி என்னைப் பார்த்தார். நான் முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டேன். ஏன் செய்தேன், யா அல்லாஹ், இன்றைக்கும் தெரியாது. அவர் அதைப் பார்த்தார். சைக்கிளை நிமிர்த்திக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த கிழமை சிவில் உடுப்பில் ஓர் அதிகாரி வந்தார். சிங்களத்தில்தான் கதைத்தார். உம்மாவுக்குச் சிங்களம் தெரியாது. தம்பியே மாற்றிச் சொன்னான்.

பிள்ளைகள் எத்தனை என்று அவர் கேட்டார்.

"மூணு" என்றார் உம்மா.

தம்பி சிங்களத்தில் இரண்டு என்றான். அதிகாரி எழுதிக்கொண்டார். உம்மா நிறுத்தவில்லை.

"மூத்தவன் இறைச்சிக்கடை வெச்சிரிக்கான். உங்கட ஆக்கள்தான் அவன்ட காதில அடிச்சிச் செவிடாக்கின. அதயும் எழுதுங்க மகன்."

தம்பி சிரித்துக்கொண்டு, உம்மா உங்களைத் தேத்தண்ணீர் குடிக்கச் சொல்கிறார் என்று சிங்களத்தில் சொன்னான். அதிகாரி தேத்தண்ணீரை எடுத்துக் கடைசிவரை குடித்தார். கோப்பையை மெல்ல வைத்தார். பிறகு தமிழில் கதைத்தார்.

"அம்மா, நான் மட்டக்களப்பில ஆறு வருசம் இருந்தது. நீங்க காது எண்டு சொன்னது. தேத்தண்ணி எண்டு சொன்ன இல்ல."

தம்பி நாற்காலியை விட்டு எழும்பினான்.

"அண்ணன்ட விசயம் எங்களுக்குத் தெரியும். வழக்கு இல்ல, அது பரவாயில்ல. ஆனா தம்பி, ஒரு ஆள் கைய உயர்த்தி 'சுட வேணாம்' எண்டு சொன்னா, நீங்க எனக்கு என்ன சொல்லுவீங்க?"

படிவத்தை மடித்துக்கொண்டு போய்விட்டார்.

தம்பி கோப்பையைச் சுவரில் அடித்து உடைத்தான். "உங்கட வாயாலதான் நாசமாப் போச்சு" என்று உம்மாவுக்குக் கை ஓங்கினான். நான் வாசல் கூட்டுகிற தும்புத்தடியை எடுத்தேன். முதுகிலும் தோளிலும் தடி முறியுமட்டும் அடித்தேன். அவன் சுருண்டு கிடந்து அழுதான். அந்த இரண்டை அவன் வாயில் வைத்தவள் நான், அதை அப்போதும் சொல்லவில்லை. உம்மா கோப்பைத் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு, "மூத்தவனுக்குப் போன் எடு. சோறாக்கியிரிக்கன், வரச் சொல்லு" என்றார்.

விசாரணைக்கு ஆள் வந்ததை மட்டும் போனில் சொன்னேன். காக்கா வந்தார். காதில் பஞ்சு. கேற்றுக்கு வெளியே மணலிலேயே நின்றார்.

"அவங்க போயிட்டாங்களா? தம்பிக்குக் கிடைச்சிட்டா?"

என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்நியப் பெண்ணிடம் கதைக்கிற ஆண்கள் நிற்பதுபோல, தலையைக் குனிந்து நிலத்தைப் பார்த்துக் கேட்டார். நான் தலையிலிருந்த முக்காட்டை இழுத்துத் தோளில் போட்டேன். "உள்ளுக்கு வாங்க காக்கா" என்று அவருடைய நல்ல காதுப் பக்கம் போய்ச் சொன்னேன். அவருக்குக் கேட்டது. தலையை மட்டும் நிமிர்த்தவில்லை.