கலப்பைத் தட்டில் மூட்டிய தீ

அருப்புக்கோட்டையில் காசு கொடுத்து வெக்கை வாங்கிய ஒரே மடையன் நானாகத்தான் இருப்பேன். மார்கழியிலும் ஃபேன் ஓடுகிற ஊர் இது. வீட்டு முன்னால் உட்கார்ந்து குளிர்காய ஒரு நெருப்புத் தொட்டி வாங்கப்போகிறேன் என்றதும் என் மனைவி என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"காய்ச்சல் ஒண்ணும் இல்லையே. அப்புறம் ஏங்க இந்தப் புத்தி?"

புத்தியைக் கொடுத்தது குளிர் நாட்டில் இருக்கும் எங்கள் மகள். அங்கே வீட்டுக்குப் பின்னால் இரும்புத் தொட்டியில் தீ மூட்டி, சுற்றிலும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் படம் ஒன்றை அனுப்பினாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் ஜென்மப் பகையாம். அந்தத் தீயைச் சுற்றி உட்கார்ந்தால் மட்டும் பேசிக்கொள்வார்களாம்.

"எல்லாரும் தீயவே பாக்குறாகப்பா. ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்க வேண்டியதில்ல" என்றாள் போனில்.

அது என் மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. எனக்கு என் அண்ணனோடு பேசியாக வேண்டும்.

மூன்று வருசமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. அவர் டவுனில் இருக்கிறார், நான் திருச்சுழி ரோட்டில் இருக்கிறேன். மகள் கல்யாணப் பத்திரிகையில் பெரியப்பா பேர் விட்டுப்போனது. எங்கள் பக்கம் பத்திரிகையில் பேர் விடுவதும் ஆளை வெட்டுவதும் கிட்டத்தட்ட ஒரே குற்றம். அண்ணன் கல்யாணத்துக்கு வரவில்லை. அச்சகத்துக்காரர் விட்டுவிட்டார் என்று ஊரெல்லாம் சொன்னேன். உண்மை வேறு. அச்சடிக்கும் முன்னால் தாளை என்னிடம்தான் காட்டினார்கள். கண்ணாடி எடுக்கச் சோம்பல்பட்டு, "எல்லாம் சரியா இருக்கு, அடிங்க" என்று சொன்னவன் நான். இதை மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. அண்ணன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

ஆகவே தொட்டி. முதலில் போனில் தேடினேன். பளபளவென்று ஒரு எவர்சில்வர் தொட்டி வந்தது. அந்த விலைக்கு நரிக்குடிச் சந்தையில் கிடாய் ஒன்றைப் பிடித்து வந்து, அண்ணனுக்குக் கறிச்சோறே போட்டுவிடலாம். அடுத்து, கிணற்றுக்கு இறக்குகிற சிமெண்டு உறை ஒன்றைப் பார்த்தேன். மலிவுதான். "சூட்டுல வெடிச்சுச்சுன்னா சில்லு மூஞ்சில அடிக்கும்" என்று விற்பவரே சொல்லிவிட்டார். நல்ல மனுசன், அவர் எப்படித்தான் வியாபாரம் பண்ணுகிறாரோ!

கடைசியில் ஒரு வெல்டிங் பட்டறையில் கண்டுபிடித்தேன். டிராக்டர் கலப்பையில் தேய்ந்து கழட்டிப் போட்ட வட்டத் தட்டு, நடுவில் ஓட்டையோடு மூலையில் கிடந்தது. நல்ல குழிவு, கனத்த இரும்பு. ஓட்டை வழியாகச் சாம்பல் கீழே இறங்கிவிடும். பழைய இரும்பு விலைதான்.

"மூணு கால் வச்சுக் கொடுங்க" என்றேன்.

பட்டறைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எதுக்கு அண்ணாச்சி? ஆட்டுக்குத் தண்ணி வைக்கவா? ஓட்டையில ஒழுகிருமே."

"குளிர்காய."

"எந்த ஊர்ல?"

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. "இந்த ஊர்லதான்யா! காலை வையும்!" என்று கத்திவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே வைத்துக் கொடுத்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குறித்தேன். அண்ணன் வீட்டுக்கு என் மனைவி போன் போட்டு, "சாயங்காலம் ரெண்டு பேரும் வாங்கக்கா, சும்மா உக்காந்து பேசலாம்" என்று மதினியிடம் சொன்னாள். அண்ணன் பின்னாலிருந்து, "நான் வரலன்னு சொல்லு" என்றது எனக்கே கேட்டது. ஆனாலும் வீம்பு விடவில்லை. பந்தல் கடையிலிருந்து பத்து நாற்காலி எடுத்துவந்து வாசலில் வட்டமாகப் போட்டேன். நடுவில் தட்டு. அதில் சீமைக்கருவேலங் கட்டை. பாதி பச்சை என்பது பற்றவைத்த பிறகுதான் தெரிந்தது. புகை மண்டியது. அதில் போட ஓலை பொறுக்க நான் வீட்டுக்குப் பின்னால் போனேன்.

அந்த நேரம் பார்த்துப் பால்காரர் அந்த வழியாகப் போயிருக்கிறார். வாசலில் பந்தல் கடை நாற்காலி. நடுவில் கட்டை எரிகிறது. என் மனைவி மட்டும் தனியாக நின்று முந்தானையால் கண்ணைத் துடைக்கிறாள். வீட்டு ஆம்பளையைக் காணோம். எங்கள் ஊரில் இதற்கு ஒரே அர்த்தம்தான், கேதம். வீட்டில் சாவு. மனுசன் நின்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேரே டவுனுக்குப் போய், முதல் வேலையாக அண்ணன் வீட்டில் சொல்லிவிட்டார்.

நான் ஓலையோடு திரும்பி வந்து அரை மணி நேரமாக ஊதிக்கொண்டிருக்கும்போது ஆட்டோ வந்து நின்றது. கையில் மாலையோடு மதினி இறங்கினார். "ஐயோ கொழுந்தனாரே, இப்படிப் போயிட்டீகளே!" என்று வாசலிலேயே ஆரம்பித்தார். நான் அடித்துப் பிடித்து எழுந்தேன். என்னைப் பார்த்ததும் மதினிக்கு ஒப்பாரி தொண்டையிலேயே நின்றுவிட்டது.

"என்னக்கா இது, விளக்கு வைக்கிற நேரத்துல!" என்று மாலையைப் பார்த்து என் மனைவிக்கு ஆத்திரம்.

அண்ணன் அப்போதுதான் ஆட்டோவின் அந்தப் பக்கத்திலிருந்து வந்தார். மேலுக்குச் சட்டை இல்லை, காலில் செருப்பு இல்லை. நரைத்த நெஞ்சு ஏறி ஏறி இறங்கியது. என்னைப் பார்த்தவர் அப்படியே ஒரு நாற்காலியில் பொத்தென்று விழுந்தார்.

"ஏலே... நல்லாத்தான் இருக்கியா?"

"நல்லாத்தாண்ணே இருக்கேன்."

"பெறகு எதுக்குலே வாசல்ல கட்டை எரியுது?"

குளிர்காய என்று சொல்ல வாய் வரவில்லை. வியர்வை வழிய அவர் எதிரே நின்றுகொண்டு சொன்னேன். "அண்ணே, அச்சகத்துக்காரர் மேல தப்பில்ல. தாளை நான்தான் பாத்தேன். சரியாப் பாக்காம சரின்னுட்டேன். மூணு வருசமாப் பொய் சொல்லிட்டேன்."

என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணன் திட்டுவார் என்று காத்திருந்தேன். அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் நின்றேன். அவர் என் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தார்.

"பத்திரிகை கெடக்குது விடுலே. ஆட்டோவுல வாரப்ப, உங்கிட்டக் கடைசியா என்ன பேசுனேன்னு யோசிச்சுக்கிட்டே வந்தேன். ஒண்ணுமே ஞாவகத்துக்கு வரலடா."